மச்சானுக்கு, நான் வண்டி வாங்கின சேதி

எதிர்க்காற்றில் பாடிக்கொண்டே போய், வாய்க்குள் புகுந்த பூச்சியை விழுங்கிவிட்டு, பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்கிற என் ஏழுமலை மச்சானுக்கு,

நலமா என்று கேட்கத்தான் கை போகிறது. கடிதம் என்றால் அப்படித்தானே ஆரம்பித்துப் பழக்கம். நீ இருக்கிற இடத்தில் வெயில் உண்டா, டீக்கடை உண்டா, ஒன்றும் தெரியாமல் எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நான் வண்டி வாங்கிவிட்டேன்.

நீ சிரிப்பது காதில் விழுகிறது. "நீயா மச்சான்? மேடு வந்தா சைக்கிள்லயிருந்தே எறங்கித் தள்ளிக்கினு போற ஆளாச்சே!" என்றுதானே கேட்கிறாய்? நானேதான். உன் தங்கச்சி கஸ்தூரியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷம் உன் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்தே உப்பளத்துக்கு வந்துபோன தனபால்தான். நாற்பத்தெட்டு வயதில் முதல் வண்டி. என் பையன் சென்னையிலிருந்து போனில், "ஏம்பா, வயசான காலத்துல கியர் வண்டி எதுக்கு, ஸ்கூட்டி வாங்கேன்" என்றான். ஸ்கூட்டி உன்னிடம் இருந்ததா என்ன? எனக்குத் தெரிந்ததெல்லாம் கியர் வண்டிதான், அதுவும் பின்னாலிருந்து.

பின் சீட்டுக்காரனுக்கு ரோடு தெரியாது மச்சான். அது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு முன்னால் எப்போதும் உன் சட்டைக் காலர்தான். அதனால் நான் பக்கவாட்டில் பார்த்துப் பழகினேன். மரக்காணம் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். விடிகிற நேரத்தில் அவை முதலில் சாம்பல் நிறமாக இருக்கும், பிறகு ரோஜா நிறம், பிறகு வெறும் வெளிச்சம். எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியாமல் நான் பாதித் தூக்கத்தில் உன் முதுகில் சாய்ந்திருப்பேன். இருபத்திரண்டு வருஷமும் ஒரே கனவை நாளுக்கு ஒரு தடவை கண்ட மாதிரி இருக்கிறது. இப்போது முன்னால் உட்காருகிறேன், ரோட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பாத்திகளைப் பார்க்க முடிவதில்லை. வண்டி வாங்கியதில் எனக்கு ஒரே நஷ்டம் அதுதான்.

எதற்கு வாங்கினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு வைகாசி வெயில். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கடைசிப் பாத்தியில் நீயும் நானும் மட்டும்தான். "கொஞ்சம் குந்திக்கிறேன் மச்சான், மார அடைக்கிற மாதிரி இருக்குது" என்று வரப்பில் உட்கார்ந்தாய். உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தாய். பத்தடி தூரத்தில் உன் வண்டி நின்றது. சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கத்தினேன், எவ்வளவு கத்தினேன் என்று தெரியாது, தூரத்துப் பாத்தியிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள், யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் வரப்பில் வர முடியாது. டிராக்டர் வந்து உன்னை ரோட்டுக்குக் கொண்டுபோகும் வரை, நான் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையாக இருக்கலாம். கஸ்தூரி என் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. தன் புருஷனுக்கு ஒரு வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் தன் அண்ணன் இருந்திருப்பான், அதுதானே? இதே கேள்வியோடு ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தோம்.

இன்னொன்றும் இருந்தது. உன் பதினாறாம் நாள் காரியத்தில், உன் மகள் பொன்னி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. இனிமே எங்க வீட்டுலயிருந்து யாரு மாமா வருவாங்க?" என்று கேட்டாள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண். "நான் வர்றேன்மா" என்றேன். எதில் வருவேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

கார்த்திகை மழையில் அளத்தில் வேலை நின்றது. வேலை இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தபோதுதான், வானூர்ப் பக்கம் ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பழைய வண்டி ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நூறு சிசி வண்டி, உன் வண்டியைவிட வயதில் மூத்தது. மூன்று வருஷமாக நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கோவைக்கொடி ஒன்று பின் சக்கரத்தின் கம்பிகளுக்குள் நுழைந்து, சீட்டின் மேல் ஏறி, ஹேண்டில் பாரைச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு பழம் சிவப்பாகத் தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வண்டிக்காரர், "பாத்தது போதும், வேணுமா வேணாமா?" என்றார். வேணும் என்றேன். கொடியை அறுக்க எனக்கு மனசு வரவில்லை, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்தேன், அரை நாள் ஆயிற்று.

உன் வண்டியை வாங்கியிருக்கலாமே என்பாய். அது பொம்மையார்பாளையத்தில் உன் மருமகனிடம் பத்திரமாக இருக்கிறது. அது உன் மகள் வீட்டுச் சொத்து, அதில் நான் கை வைப்பதா?

மினி டெம்போவில் ஏற்றி வந்து வீட்டுப் பின்பக்கம் கீற்றுக் கொட்டாயில் இறக்கினேன். கஸ்தூரி முறத்தோடு வந்து பார்த்தாள்.

"இன்னாயா இது?"

"வண்டி."

"அது தெரியுது. எதுக்கு?"

"சும்மாதான்."

இரண்டு கேள்வியோடு உள்ளே போய்விட்டாள். நான் எதிர்பார்த்த மூன்றாவது கேள்வி வரவே இல்லை.

மெக்கானிக் சலீமை உனக்குத் தெரியாது. ஈ.சி.ஆர். ரோட்டோரத்தில் புதிதாகக் கடை போட்டிருக்கிறான், முப்பது வயதிருக்கும், வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். வண்டியைப் பார்த்ததும், "யா அல்லா! அண்ணே, இத கடல்லயிருந்து வலை போட்டு இழுத்தீங்களா?" என்றான். இன்ஜினை மட்டும் அவன் பிரித்துப் போட்டான். மற்றதெல்லாம் நானே செய்கிறேன் என்றேன். என்ன செய்ய வேண்டும் என்று போனில் கேட்பேன், அவன் சொல்வான், நான் செய்வேன். தப்பாகச் செய்வேன், போட்டோ எடுத்து அனுப்புவேன், அவன் சிரிக்கிற படம் ஒன்றை அனுப்புவான்.

அந்த மழைக்காலம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை மச்சான். பாத்தியெல்லாம் ஒன்றாகி ஒரே தண்ணீர், வரப்புகூடத் தெரியாது. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து பூநாரைகள் வரிசையாக வந்து இறங்கும். நான் கொட்டாயில் உட்கார்ந்து ஒரு நட்டைக் கழற்ற ஒரு காலைப்பொழுதைச் செலவழிப்பேன். மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவைத்து, தட்டி, மறுபடி ஊற்றி. நட்டு திடீரென்று ஒரு சின்ன முனகலோடு இளகும். அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த நட்டுக்குப் போவேன். மழை கீற்றில் விழுந்துகொண்டே இருக்கும். உன்னைப் பற்றி நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நினைப்பு வலிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

பெட்ரோல் டேங்கின் உள்ளே ஒரே துரு. சலீம் பொடிக் கல்லைப் போட்டுக் குலுக்கச் சொன்னான். நம்மிடம் இல்லாத கல்லா? கல்லுப்பையும் புளிக்கரைசலையும் போட்டு, டேங்கைக் குழந்தையைப் போல மடியில் வைத்து இரண்டு நாள் ஆட்டினேன். கஸ்தூரி பித்தளைச் செம்பைத் தேய்க்கிற முறைதான். பிறகு பத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயில் கிடைத்த ஒரு நாளில் காயவைத்துப் பார்த்தால், உள்ளே பளபள என்றிருந்தது. இத்தனை வருஷம் நம் கடப்பாரையையும் ஆணியையும் தின்ற உப்பு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இரும்புக்கு நல்லது செய்தது. கஸ்தூரி அடுப்படியிலிருந்து, "யோவ், புளி டப்பா ஏன்யா காலியா கீது?" என்று கத்தினாள். அவ்வளவுதான் கேட்டாள்.

தை பிறந்து நாலாம் நாள் வண்டி கிளம்பியது. நாற்பது தடவை உதைத்திருப்பேன். நாற்பத்தொன்றாவது உதையில் ஒரு இருமல், வெள்ளைப் புகை, பிறகு சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் அந்தப் பனிக்குள் நடந்து போய் எங்கேயோ நின்று திரும்பி வந்தது.

ஓட்டக் கற்றதைச் சொன்னால் நீ உருண்டு சிரிப்பாய். லைசென்ஸுக்கு எட்டு போட்டுக் காட்டச் சொன்னார்கள். முதல் தடவை நான் போட்டது ஜிலேபி. இரண்டாம் தடவை எட்டுதான் போட்டேன், ஆனால் நடுவில் காலை ஊன்றிவிட்டேன். மூன்றாம் தடவை தேறினேன். வண்டிப் பேப்பரும் என் பெயருக்கு மாறியது. லைசென்ஸ் அட்டையை நான் கஸ்தூரியிடம் காட்டினேன். "போட்டோல முழிக்கிற முழியப் பாரு" என்று திருப்பிக் கொடுத்தாள். "வா, ஒரு ரவுண்டு போலாம்" என்றேன். "உலை வச்சிருக்கேன்" என்றாள். மறுநாளும் உலை வைத்திருந்தாள். மாசி, பங்குனி, சித்திரை, அவள் உலை இறங்கவே இல்லை. உன் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து மரக்காணம் சந்தைக்குப் போனவள், என் பின்னால் உட்கார மறுத்தால் எனக்கு என்ன தோன்றும் சொல்.

அப்படியிருக்கும்போதுதான் உனக்கான இரண்டாவது சேதி வந்தது. பொன்னி முழுகாமல் இருக்கிறாள் மச்சான். நீ தாத்தா ஆகப்போகிறாய்.

ஆவணியில் ஏழாம் மாதம், வளைகாப்பு. அதைச் செய்து பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டியது அவள் அப்பா வீடு. அப்பா வீடு என்றால் இப்போது நானும் கஸ்தூரியும்தான். பலகாரமும் சீரும் சொந்தக்காரர்களோடு வேனில் முன்னாலேயே போய்விடுவதாக ஏற்பாடு. முதல் வளையல் போட வேண்டிய அத்தை வளையல் பெட்டியோடு பின்னால் வர வேண்டும். வேனில் இடம் இருந்தது. ஆனால் முந்தின நாள் கஸ்தூரி என்னிடம் வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் வண்டியிலயே வர்றேன்."

"எந்த வண்டி?"

"எத்தினி வண்டி வச்சிருக்க?"

கொட்டாய்க்குப் போய் வண்டியைக் கழுவினேன். நாளைக்கு நல்ல காரியம். நல்ல காரியத்துக்கு முந்தின நாள் நாம் என்ன செய்வோம்? உப்பு வாருகிற சீசன் தொடங்கும் முன் ஆயில் இன்ஜின், மண்வெட்டி, கடப்பாரை, தொட்டிக் குழாய் என்று ஒரு இரும்பு விடாமல் வேஸ்ட் ஆயில் பூசி, பொட்டு வைத்து, நிழலில் வைப்போம். உப்புக்காற்று தின்னாமல் இருக்க நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். எண்ணெய் படாத இரும்பை நம் ஊரில் யாரும் கண்ணால் பார்க்கவே முடியாது. அதைத்தான் நானும் செய்தேன். சங்கிலிக்குப் பூசினேன், கம்பிகளுக்குப் பூசினேன், ஸ்டாண்டுக்குப் பூசினேன். மனசு நிறையவில்லை. சக்கரங்களைக் கழற்றினேன். உள்ளே பிரேக் பிடிக்கிற டிரம்மில் லேசாகத் துரு இருந்தது. பிரேக் கட்டை, டிரம் என்று இரண்டு சக்கரத்திலும் பாசத்தோடு பூசி மூடினேன். ஹேண்டிலில் குங்குமம் வைத்தேன்.

வண்டி தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். நீயும் அடித்துக்கொள். எனக்கு அப்போது தெரியாது மச்சான். உலகத்தில் எண்ணெயே படக்கூடாத ஒரு இரும்பு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் கஸ்தூரி பட்டுப்புடவையும் ஹெல்மெட்டுமாக வந்தாள். வளையல் பெட்டியை மடியில் வைத்து, ஒருக்களித்து உட்கார்ந்து, என் தோளில் கை வைத்தாள். இத்தனை நாள் உன் தோளில் இருந்த கை. நான் வண்டியை எடுத்தேன். அளத்து மண்பாதையில் முதல் கியரிலேயே உருட்டினேன், பிரேக்குக்கு வேலையே இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளை. மழை வருமுன் குவித்துக் கீற்று மூடுகிற நேரம், அம்பாரம் அம்பாரமாக உப்பு. பாதி மூடினதும் மூடாததுமாக, வெயிலில் கண் கூசியது. அவள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பாட்டு மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இரண்டாவது கியரைப் போட்டேன், மூன்றாவதையும் போட்டேன்.

ரோட்டுக்கு நூறடி இருக்கும்போது வலது பக்கமிருந்து ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி கேட்கவில்லை. கைப்பிரேக்கைப் பிடித்தேன். அதுவும் கேட்கவில்லை. முன்னால் ஆடு, அதற்கு அப்பால் ரோடு, ரோட்டில் லாரி. என் முதுகில் உன் தங்கச்சி. அந்த நேரத்தில் நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான், அண்ணனையும் நான்தான், தங்கச்சியையும் நான்தான்.

இடது பக்கம் ஹேண்டிலைத் திருப்பி, மூடாமல் கிடந்த உப்பு அம்பாரத்துக்குள் விட்டேன்.

சத்தமே இல்லை. வண்டி மூக்கை நுழைத்து நின்றது, இன்ஜின் அணைந்தது, நாங்கள் இரண்டு பேரும் உப்பில் விழுந்து பாதி புதைந்தோம். மேலிருந்து உப்பு மெதுவாகச் சரிந்து எங்கள் மேல் கொட்டியது. நேரம் நின்றுபோன மாதிரி இருந்தது. எல்லாம் வெள்ளை. நாங்கள் இரண்டு பேரும் செத்துவிட்டோம், இனி உன்னைப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. அப்புறம் முழங்கால் சிராய்ப்பில் உப்பு ஏறி எரிந்தது, உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்தது.

கீற்று மூடிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். எங்களுக்கு ஒன்றுமில்லை என்று பார்த்ததும் ஒருத்தி, "உப்பு வேணும்னா கேட்டா குடுக்க மாட்டோமா? இப்பிடியா வந்து மோந்துக்குவ?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை. அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி திறந்து வளையல்கள் உப்பின் மேல் சிதறிக் கிடந்தன, பச்சையும் சிவப்பும். நிறைய உடைந்திருந்தன. வளைகாப்பு வளையல் போகிற வழியில் உடைந்தால் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெண்களும் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, தண்ணீர் கொண்டுவருகிறோம் என்று நகர்ந்துவிட்டார்கள்.

நான் உப்பில் உட்கார்ந்தபடியே உடைந்துபோனேன்.

"என்ன மன்னிச்சிடு கஸ்தூரி. இதயாவது உருப்படியா பண்ணலாம்னு பாத்தேன். அன்னிக்கே எனக்கு ஓட்டத் தெரிஞ்சிருந்தா உங்கண்ணன் இருந்திருப்பான். சாவி வண்டியிலயே இருந்துச்சி. நான் பாத்துக்கினே இருந்தேன்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் உப்பு. அதைத் துடைக்காமலே கேட்டாள்.

"ஓட்டத் தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"ரோட்டுக்குப் போயி யாரயாவது கூட்டியாந்திருப்பேன்."

"அப்ப எங்கண்ணன்?"

நான் கையிலிருந்த உப்பைத் தட்டினேன்.

"மயங்கிக் கெடக்கறவன வண்டியில குந்த வைக்க முடியுமா? பின்னாடி புடிச்சிக்க யாரு இருந்தாங்க? நீ அவன வரப்புல போட்டுட்டுத்தான்யா போயிருக்கணும். அந்த வெயில்ல, ஒண்டியா, எங்கண்ணன் செத்திருப்பான். உனக்கு ஓட்டத் தெரியல, அதனால அவன் தலை உன் மடியில இருந்துச்சி. டாக்டரு சொன்னப்பவே எனக்கு இதுதான் தோணிச்சி. அதான் உன்னத் திரும்பிப் பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா? மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு திரிஞ்ச. அப்பால இந்த வண்டி வந்துச்சி, கொட்டாயில போய் குந்திக்கினு தேய்ச்சிக்கினே இருந்த. கொஞ்சம் கொஞ்சமா உன் மூஞ்சி தெளிஞ்சிது. இப்ப சொன்னா வண்டிய உட்டுட்டு மறுபடியும் சும்மா குந்திக்குவியோன்னு பயந்தேன்."

"வண்டியில ஏற மாட்டேன்னியே?"

"அண்ணன் இல்லாம வண்டியில ஏற மனசு வரல. அவன் பொண்ணு வளைகாப்புக்குன்னுதான் இன்னிக்கு ஏறினேன். உம்மேல கோவம்னு நீயே நெனச்சிக்கினா நான் இன்னா பண்றது?"

சொல்லிவிட்டு அழுதாள் மச்சான். நீ போன அன்று ஊரோடு சேர்ந்து அழுதாளே, அது வேறு. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். நானும் அழுதேன். உப்பு அம்பாரத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்ட முதல் தம்பதி நாங்களாகத்தான் இருக்கும்.

போன் செய்ததும் சலீம் பத்தே நிமிஷத்தில் வந்தான். சக்கரத்தைக் கழற்றி டிரம்மில் விரலை வைத்து, விரலைப் பார்த்து, என்னைப் பார்த்தான். "அண்ணே, பிரேக்குக்கு எண்ண தேச்சிக் குளிப்பாட்டினா அது எப்பிடிண்ணே புடிக்கும்?" கட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டான், டிரம்மைப் பெட்ரோலால் நாலு தடவை துடைத்தான், நாலைந்து தடவை ஓட்டி நிறுத்திக் காட்டினான். "அக்கா, நீங்க வேணா என்கூட வாங்க" என்றான். கஸ்தூரி என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

பொம்மையார்பாளையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிய இருபது நிமிஷம் இருந்தது. பொன்னி வாசலிலேயே நின்றாள், கூப்பிட்டும் உள்ளே போகவில்லையாம். என்னைப் பார்த்ததும், "மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கஸ்தூரி வாசற்படியில் கால் வைத்ததும் கொசுவத்திலிருந்து உப்பு பொலபொலவென்று கொட்டியது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஒருத்தி துடைப்பத்தை எடுத்தாள். பொன்னியின் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பெருக்காதடி. அப்பா வீட்டுலயிருந்து உப்போட வர்றாங்க, மகாலட்சுமி தானா வாசப்படி ஏறி வர்றா, பெருக்கித் தள்ளுவியா?" என்றார். அந்த அம்மாளை நான் கும்பிட்டுவிட்டேன்.

உடையாத வளையல்கள் ஒரு கைக்குத்தான் வந்தன. மற்றக் கைக்குக் கஸ்தூரி தன் கையிலிருந்த வளையல்களைக் கழற்றிப் போட்டாள். உன் மகள் கை மெலிசு, அதில் அவை லொடலொடவென்று ஆடின. உன் பெண் சிரித்தாள் மச்சான், வாய்விட்டு, உன்னைப் போலவே பல் தெரிய.

அவளை அன்றே வேனில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இப்போது உள்ளே தூங்குகிறாள். கொட்டாயில் வண்டி நிற்கிறது. நாளுக்கு ஒரு தரம் துடைக்கிறேன். எதற்கு எண்ணெய், எதற்குக் கூடாது என்று சலீம் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். சந்தைக்குப் போகிறோம், கோயிலுக்குப் போகிறோம். கஸ்தூரி பின்னால் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு வருகிறாள். பாத்தியில் என்ன நிறம் என்று நான் கேட்பேன், அவள் சொல்வாள்.

கார்த்திகையில் பிரசவத்துக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள். பொன்னிக்கு வலி எடுக்கிற அன்று நான் வண்டி ஓட்ட மாட்டேன். கார் சொல்லி வைத்தாயிற்று. யார் வேண்டுமானாலும் ஓட்டட்டும். நான் பின்னால் உட்கார்ந்து உன் மகளைப் பிடித்துக்கொண்டு வருவேன்.

உன்னை மடியில் வைத்திருந்த,
உன் தங்கச்சி புருஷன்,
தனபால்